சூடானால் நின்றுவிடும்

பதினாறு முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாளே ராஜகுமாரி படியிறங்கியது ஊருக்குப் பெரிய பேச்சாகிவிட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் மூன்று மாசமாவது வீட்டோடு முடங்கிக் கிடப்பதுதான் அங்கே வழக்கம். இவளானால் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து, கூந்தலை அள்ளி முடிந்து, தொழுவத்தில் சாக்குப் போர்த்திக் கிடந்த செயின் மெஷினை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எதிர்வீட்டுச் சுந்தரம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள், வாளியும் கையுமாக அப்படியே நின்றாள்.

“ஏட்டி, இதத் தூக்கிட்டு எங்கன கெளம்பிட்ட?”

“சங்கரன்கோயிலுக்குத்தான் அத்த. மெக்கானிக் பாய்ட்ட.”

“நல்லாருக்குட்டி! இப்பம் இத ரிப்பேர் பாத்து யாரு மரம் அறுக்கப் போறா? பாக்குத சனம் காறித் துப்பும்.”

“துப்புத சனம் துப்பட்டும். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாவணும்.”

என்ன தெரிய வேண்டும் என்று சுந்தரம்மாள் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும். முந்தின நாள் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, இறந்தவனின் அக்கா பார்வதியம்மாள் ஒரு சொல் சொல்லிவிட்டாள். “எந் தம்பிக்கு நோவா நொடியா? இவ விரட்டி விரட்டி வேலை வாங்கியே கொன்னுட்டா.” இலையில் கை வைத்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒருத்தராவது, ‘அப்படிச் சொல்லாதம்மா’ என்று வாயைத் திறந்தாரா? ம்ஹும். பாயசம் எங்கே என்று கேட்டார்கள்.

ராஜகுமாரி அப்போது அழவில்லை. அவளிடம் ஒரு பதில் இருந்தது. அவரைக் கொன்றது நான் இல்லை, இந்த மெஷின். சூடானால் நின்றுவிடுகிற இந்தச் சனியன் பிடித்த மெஷின். நின்றதைத் திரும்ப உசுப்பக் கயிற்றை இழுத்து இழுத்துத்தான் அவர் நெஞ்சு அடைத்துப்போனது. இதை மெக்கானிக் தன் வாயால் சொல்லிவிட்டால் போதும். பார்வதியம்மாள் வாசலில் போய் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வரலாம். பார்வதியம்மாள் கிடக்கட்டும், படுத்தால் தூக்கம் வராமல் இவள் புரள்கிறாளே, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவாவது அது வேண்டும்.

கொழுந்தன் கணேசன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அண்ணனை விடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். “இன்னைக்கே போவணுமா மதினி?” என்று இழுத்தான். அவள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். 

மகாராஜா, ராஜகுமாரி. பேருக்கு என்ன குறைச்சல்! கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு டீக்கடையில் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. காலையில் அரிவாளும் தூக்குவாளியுமாக இருவரும் வண்டியில் கிளம்பினால், “மகாராஜா இன்னைக்கு எந்தச் சீமைக்குப் படையெடுப்பு?” என்று யாராவது கேட்பார்கள். “எளையரசனேந்தல் சீமைக்குத்தான். கப்பம் கட்டுதவன்லாம் வரிசைல வா” என்பான் மகாராஜா. அப்படிப்பட்ட வாய். கரிசல் மண்ணில் மழை பெய்தால்தான் வெள்ளாமை. பெய்யாத வருஷமெல்லாம் வேலிக்கருவைதான் சோறு போடும். கண்மாய், புறம்போக்கு, தரிசு என்று எங்கே பார்த்தாலும் அதுதானே முளைத்துக் கிடக்கிறது. கான்ட்ராக்டர் கண்மாயை ஏலம் எடுப்பார். ஜோடி ஜோடியாக ஆட்களை இறக்குவார். ஜோடி என்றால் புருஷனும் பெண்டாட்டியும். புருஷன் மெஷினால் அறுத்துச் சாய்ப்பான். பெண்டாட்டி அரிவாளால் முள்ளைக் கழித்து, கட்டையை இழுத்துக்கொண்டுபோய் மூட்டம் போடும் இடத்தில் அடுக்குவாள். மண்ணைப் பூசி மூடி உள்ளே நெருப்பு வைத்தால் கரி.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே முள்ளுக்காடு. ஒருவருக்கொருவர் கண்ணில் தெரியாது, மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால், “என்னவே, மாமியா வீட்டுக்கு விருந்துக்கா வந்திருக்கீரு?” என்று கான்ட்ராக்டரின் ஆள் கேட்பான். மெஷின் நின்றுபோய்ப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. “மெஷினு ஆறுது” என்றால் அதோடு பேச்சு முடிந்தது. மெஷினை யாரால் விரட்ட முடியும்?

நியாஸ் அகமதுவின் பட்டறை கழுகுமலை ரோட்டில் இருந்தது. முன்னால் பட்டறை, நடுவில் கொல்லை, பின்னால் வீடு. களை எடுக்கிற மெஷின், மருந்தடிக்கிற மெஷின், மரம் அறுக்கிற மெஷின் எல்லாம் அவரிடம்தான் வரும். சிவகிரியிலிருந்துகூட ஆட்கள் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வண்டியிலிருந்து ராஜகுமாரி இறங்குவதைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பானரை அவர் கீழே வைத்துவிட்டார்.

“வா தங்கச்சி. நானே வீட்டுக்கு வரணும்னு இருந்தேன்.”

“கேதத்துக்குக்கூட நீங்க வரலையேண்ணே.”

“வந்தேன். தெருமுக்கு வரைக்கும் வந்தேன். உள்ள வர தைரியம் வரல, அங்கனயே நின்னுட்டுத் திரும்பிட்டேன்.” அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மெஷினுக்குப் போடக் காயிலு மதுரைலருந்து வரணும். ஆளு மேல ஆளு சொல்லி விட்டேன். அது வந்து சேருததுக்குள்ள மகாராஜா போயிட்டாரு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள வருவேன்?”

சண்டை போடத்தான் அவள் வந்திருந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். எதிராளி முதலிலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றால் என்ன சண்டை போடுவது? சாக்கை அவிழ்த்து மெஷினை மேசை மேல் வைத்தாள்.

“இது எங்கண்ணு முன்னால நிக்கணும்ணே. நின்னத எடுக்கக் கயித்த இழுத்து இழுத்துத்தான் அவுக நெஞ்சடைச்சுது. எதுக்கு நிக்கின்னு நீங்க சொல்லணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

“சொல்லுதேன். கட்டாயம் சொல்லுதேன். இரு, மொதல்லருந்து வாரேன்.”

நியாஸ் அகமது பேச்சை நிதானமாக ஆரம்பித்தார். ஆக்ஸிலேட்டரை விட்டதும் மெஷின் அணைந்துவிடாமல், செயின் சுற்றாமல், மெல்லத் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பட்டறைக்காரர்கள் ‘ஸ்லோ’ என்பார்கள். குளிர்ந்திருக்கும்போது ஸ்லோவில் நன்றாக ஓடி, சூடேறியதும் அணைந்தால் அதற்கு நாலைந்து காரணம் உண்டு.

“தை மாசம் மொத வாட்டி கொண்டாந்தாருல்லா, அன்னைக்கு நெசமாவே கோளாறு இருந்துச்சு. பெட்ரோல் டேங்குக்குக் காத்துப் போறதுக்கு ஒரு பொடி ஓட்டை உண்டு. அதுல கரித்தூசி அடைச்சிருந்துச்சு. காத்து போவலைன்னா பெட்ரோல் எறங்காது. மூடியத் தொறந்தா உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுது. ஊதி எடுத்து மாட்டுனேன், சரியாப் போச்சு.”

“எங்க சரியாப் போச்சு? மறு வாரமே திரும்ப நின்னுட்டுன்னாகளே.”

“ஆமா, வந்தாரு. கார்பரேட்டரக் கழத்தி உள்ள இருக்க ரப்பரெல்லாம் மாத்துனேன். பில்டரு மாத்துனேன். பிளக்கு மாத்துனேன். இங்கன ஓட்டிப் பாத்தா நல்லா ஓடுது. திரும்பவும் வந்தாரு. ‘பாய், இங்கன நெழல்ல ஓடுது, அங்கன வெயில்ல நிக்கி’ன்னாரு. சரி, சூட்டுல ஆயில்சீல் எளகிக் காத்து வாங்குது போலன்னு அதையும் மாத்துனேன். அப்பவும் நிக்கின்னாரு. இனி பாக்கி இருக்கது காயில் ஒண்ணுதான். சூடானா காயில்ல கரண்டு செத்துப்போவும். ஆறுனாத்தான் திரும்ப உசுரு வரும். அதான், காயிலுக்குச் சொல்லி விட்டிருந்தேன்.”

“அப்ப காயிலுதான் எமன்.”

“அப்படித்தான் தங்கச்சி நெனைக்கேன். பழைய காயிலு இன்னும் உள்ளதான் இருக்கு. சூடாக்கி ஓட்டுவோம், நிக்கும். நின்ன ஒடனே பிளக்கக் கழத்திக் கயித்த இழுத்தா நெருப்பு வரக் கூடாது. வரலைன்னா காயில்தான். அப்ப தப்பு என் மேல.” ராஜகுமாரிக்கு, பாவம், மனசுக்குள் ஒரு நிம்மதி வந்துவிட்டது. இந்த மனிதர் மேல் பழி விழுவது அவளுக்குச் சந்தோஷமில்லை. ஆனாலும் தன் தலையிலிருந்து இறங்கினால் போதுமே.

கொல்லையில் ஒரு புளியங்கட்டை கிடந்தது. வைரம் பாய்ந்த கட்டை. சித்திரை வெயில் அதற்குள் மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. நியாஸ் அகமது பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். கணேசன் கயிற்றை இழுத்தான். இரண்டாம் இழுப்பில் மெஷின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மெஷினோடு அவரே எழுந்து வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. வேப்பமரத்தடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டிலிருந்து நியாஸ் அகமதுவின் மனைவி ஷிரின் பானு நன்னாரி சர்பத் கொண்டுவந்தாள். வற்புறுத்திக் குடிக்க வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இந்தப் பெஞ்சுலதான்க்கா அண்ணன் படுத்துக்கிடுவாக. மெஷின இவுகள்ட்ட குடுத்துட்டு, துண்ட விரிச்சிப் படுத்தா அப்படி ஒரு தூக்கம். சாப்பிடச் சொல்லி எழுப்பக்கூட எனக்கு மனசு வராது.”

“இங்கனயா? தூங்குனாகளா? எங்கிட்ட, பாய் கூடவே நின்னு சாமான் எடுத்துக் குடுத்தேன்னுல்லா சொல்லுவாக.”

“இல்லக்கா. நல்லாத் தூங்குவாக. ‘பொறுமையாப் பாருங்க பாய், ஒண்ணும் அவசரமில்ல’ன்னுதான் சொல்லுவாக. மத்தவுகள்லாம் கொண்டா கொண்டான்னு பறப்பாக.”

ராஜகுமாரி சர்பத் தம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். வேலை கிடக்கிறதே என்று அவள் அங்கே கண்மாயில் ஒற்றையாய் முள் கழித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மனுஷன் இங்கே தூங்கியிருக்கிறாரா? கோபம்கூட வந்தது அவளுக்கு. செத்தவர் மேல் என்ன கோபம் என்று அடக்கிக்கொண்டாள்.

கணேசன் புளியங்கட்டையைத் துண்டு துண்டாக அறுத்தான். தூள் பறந்து அவன் வேர்வையில் ஒட்டியது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் ஆக்ஸிலேட்டரை விடுவான். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். மெஷின் தன்பாட்டுக்கு மெல்ல ஓடும். நிற்காது. திரும்ப அறுப்பான், திரும்ப விடுவான். நிற்காது. டேங்க் காலியாகும் முன்னே நியாஸ் அகமது இன்னும் கொஞ்சம் ஊற்றச் செய்தார். மெஷின் மேல் கை வைக்க முடியாத கொதிப்பு.

“இன்னும் சூடேத்துவோம்” என்றார். ஒரு கனமான சாக்கைக் கொண்டுவந்து, காற்றுப் போகிற வழியை அரைகுறையாக மூடிப் பிடித்துக்கொண்டார். “இது மெஷினுக்குப் பண்ணக் கூடாத பாவம். பண்ணிப் பாத்துருவோம்.” சாக்கு கருகும் வாசம் வந்தது. கணேசன் ஆக்ஸிலேட்டரை விட்டான். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

நியாஸ் அகமது சாக்கை எடுத்துவிட்டு அவள் பக்கம் வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. “அன்னைக்கு என்ன நடந்துச்சி தங்கச்சி? வெவரமாச் சொல்லு.”

“என்னத்தண்ணே சொல்ல. காலைலருந்தே அது நின்னு நின்னுதான் ஓடுச்சு. நான் முள்ளக் கழிச்சி இழுத்துக்கிட்டு கெடக்கேன். அவுக முள்ளுக்கு அந்தப்பக்கம். சத்தம் நின்னுச்சு. ‘என்னய்யா’ன்னேன். ‘மெஷினு ஆறுது புள்ள’ன்னாக. கொஞ்ச நேரங்கழிச்சு எடுத்து அறுத்தாக. திரும்ப நின்னுச்சு. ‘இன்னைக்குள்ள இந்த வரிசை முடியுமா முடியாதா’ன்னு கத்துனேன். கத்துனேன்ணே, இல்லைங்கல. ‘மெஷினு ஆறாண்டாமாட்டி’ன்னாக. அதுக்குப் பெறவு சத்தமே இல்ல. நான் மெஷினு ஆறுதுன்னுதான் இழுத்துக்கிட்டே இருந்தேன். கஞ்சி குடிக்கக் கூப்புட்டேன். வரல. போய்ப் பாத்தா உடைமரத்துல சாஞ்சி உக்காந்திருக்காக. மெஷினு பக்கத்துல. நான் மெஷினத் தொட்டுப் பாத்தேன்ணே. ஆறிப்போயி இருந்துச்சு. ‘ஆறிட்டுல்லா, எந்திரிங்க’ன்னு தோளத் தொட்டேன்...”

ஷிரின் பானு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணேசன் மெஷினைக் கையில் பிடித்தபடி, ஸ்லோவில் ஓட விட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

“நின்னா, திரும்ப எப்படி எடுப்பாரு? ரொம்ப நேரம் இழுப்பாரா?” என்று கேட்டார் நியாஸ் அகமது.

“எடுக்கும்போது லேசாத்தான் எடுக்கும். ஒரே இழுப்பு. ஆறுனா ஒரே இழுப்புல எடுத்துரும்.”

“ஒரே இழுப்புதானா? இழுத்து இழுத்து நெஞ்சடைச்சதுன்னுல்லா சொன்ன?”

“அது... நான் கண்ணால எங்க கண்டேன்? முள்ளுக்கு இந்தப்பக்கம்லா நிப்பேன். இழுத்திருப்பாகன்னு...” சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். கயிறு இழுக்கிற சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த ஜோடி இழுத்தால்கூடக் கேட்கும். இழுத்து இழுத்துப் பார்த்த சத்தம் அவள் எப்போது கேட்டாள்? யோசித்துப் பார்த்தாள். ஒரு தரம்கூட நினைவுக்கு வரவில்லை.

அந்த நேரம் கணேசனுக்குக் கண்ணில் வேர்வை வழிந்தது. துடைப்பதற்காக மெஷினைக் கட்டை மேல் வைத்தான். சத்தம் நின்றது.

ராஜகுமாரி துள்ளி எழுந்தாள். “அந்தா! அந்தா நின்னுட்டு! இதேதாண்ணே. இப்படித்தான் டக்குனு நிக்கும். நாந்தான் சொன்னேம்லா, நிக்கின்னு! பாருங்க, பிளக்கக் கழத்திப் பாருங்க!”

கணேசன் ஒன்றும் புரியாமல் மதினியைப் பார்த்தான், மெக்கானிக்கைப் பார்த்தான்.

“மதினி, அது தன்னால நிக்கல. நாந்தான் சுச்ச அமத்துனேன்.”

“இல்லலே, நின்னுச்சு. இதே சத்தம்தான். எனக்குத் தெரியாதா?”

நியாஸ் அகமது குனிந்து நின்றார். கோளாறில் அணைகிற மெஷின் இருமும், திக்கும், தடுமாறும், கொஞ்சம் சத்தம் தூக்கும், அப்புறம்தான் சாகும். சுவிட்சை அமர்த்தினால் மட்டும்தான் வெட்டிப் போட்டதுபோல நிற்கும். இந்தத் தொழிலில் நாலு நாள் இருந்தவனுக்கே தெரிந்த சங்கதி. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தை மாசம் நெசமாகவே ஒரு கோளாறு வந்து, மெஷின் நின்று நின்று ஓடிய நாட்களில் அந்த மனிதனுக்கு உட்கார நேரம் கிடைத்திருக்கிறது. கோளாறு சரியான பிறகும் அவனுக்கு அந்த உட்காருதல் வேண்டியிருந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். இதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

“இரு தங்கச்சி, இன்னொரு வாட்டி பாப்போம்” என்றார். மெஷினைத் தானே எடுத்துக் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் எடுத்தது. கட்டை மேல் வைத்து, அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டார். மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு திக்கியது. இருமியது. தடுமாறி அணைந்துபோனது.

“பாத்தியா? நின்னுட்டு. நீ சொன்னது சரிதான், கோளாறு உண்டு. காயிலுதான். நான் கவனிக்காம விட்டது. என் தப்புதான் தங்கச்சி. ஊருல யாரு கேட்டாலும் சொல்லு, பாய் ஒழுங்காப் பாக்கலன்னு சொல்லு. நான் வந்து ஆமான்னு சொல்லுதேன்.” அவர் அவசர அவசரமாகப் பேசினார். கையிலிருந்த பொடி ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பைக்குள் போனது.

வந்த காரியம் முடிந்தது. எதைக் கேட்க வந்தாளோ அதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பார்வதியம்மாள் வாசலில் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான். ராஜகுமாரி அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, ஸ்க்ரூடிரைவரு பைக்குள்ள போனதப் பாத்தேன். மெஷினு நிக்கட்டும்னு ஸ்லோ ஸ்க்ரூவத் திருப்பிட்டீக.”

அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“இருந்தபடியே திருப்பி வைங்க.”

“வேண்டாம்மா. வீட்டுக்குப் போ. நடந்தது நடந்துட்டு. இது உனக்கு எதுக்கு?”

“திருப்புங்கண்ணே. உங்க கால்ல விழுதேன்.”

நியாஸ் அகமது ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். கயிற்றை இழுத்தார். மெஷின் அந்த வெயிலில், அந்தக் கொதிப்பில், ஒரு குறையுமில்லாமல் மெல்ல ஓடியது. ராஜகுமாரி போய் அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். நிற்கட்டும் என்று காத்திருந்தாள். இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘தாயே கோமதி, இது நிக்கட்டும்’ என்று அவள் வேண்டியது உதட்டசைவில் தெரிந்தது. பெட்ரோல் தீரும் வரைக்கும் அது ஓடியது.

“அவுகளாத்தான் சுச்ச அமத்திருக்காக. நோவு இருந்திருக்கு” என்றாள் கடைசியில். “தோளு கடுக்குன்னாக. மெஷினப் பிடிச்ச தோளு கடுக்காம என்ன செய்யும்னு தேங்காண்ணெயத் தேச்சு விட்டேன். கஞ்சியப் பாதியில வச்சிருவாக. வெயிலுக்குக் கஞ்சி எறங்கலன்னாக. சரின்னேன். என்னமோ நான் பெரிய இவ மாதிரி எல்லாத்துக்கும் சரின்னேன்.”

“அவரு மறைச்சிருக்காரு தங்கச்சி. எங்கிட்டயும்தான மறைச்சாரு. இத்தன வருசம் மெஷினு பாத்தவன், நானே நம்புனேன். வெயில்ல நிக்கின்னு சொன்னப்ப, ஒரு நாளு வண்டிய எடுத்துக்கிட்டு அங்கன வந்து பாத்திருந்தேன்னா தெரிஞ்சிருக்கும். சாமானா மாத்திக்கிட்டு இருந்துட்டேன்.”

“எங்கிட்ட எதுக்கு மறைக்கணும்? நான் என்ன, போடான்னா சொல்லிருப்பேன்?”

“போடான்னு சொல்ல மாட்ட. வேலைய விடச் சொல்லிருப்ப. கான்ட்ராக்டர் வேற ஜோடிய எறக்கிருப்பான். ஒங்க மக கோயில்பட்டில படிக்கா. அதெல்லாம் யோசிச்சிருப்பாரு. உக்காரணும்னு தோணும்போது மெஷின உக்கார வச்சாரு.”

“நானும் மெஷினுக்குத்தான பாவப்பட்டேன்!” ராஜகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். “ஈரச்சாக்கக் கொண்டுபோய் மெஷினுக்குப் போத்துனேன் அண்ணே. வெயில் படாம இருக்கட்டும்னு என் சேலத்துணியக் கட்டி அதுக்கு நெழல் பண்ணிக் குடுத்தேன். அவுக வெயில்ல கெடந்தாக.”

ஷிரின் பானு ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஊர்க்காரர்கள் பார்க்க, ஒப்பாரிக்காரிகள் கட்டிப்பிடித்து இழுத்தபோதெல்லாம் வராதது, யார் வீட்டுக் கொல்லையிலோ, மரத்தூளுக்கு நடுவில் வந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பார்வதியம்மாளிடம் சொல்ல அவளுக்கு இனி ஒன்றும் இல்லை. நியாஸ் அகமது தன் பேரைச் சொல்லிக்கொள்ளும்படி இன்னொரு தரம் சொன்னார். அவள் வேண்டாம் என்று கையசைத்தாள். “ஒருத்தர் சொன்ன பொய்யே போதும்ணே.”

கணேசன் இவ்வளவு நேரமும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து, செயினைப் பார்த்து, மூடியை இறுக்கினான். அவனுக்கும் அண்ணன்தானே, கண் சிவந்துதான் இருந்தது. ஆனால் இளவயசு. மனசு அழுதுகொண்டிருக்கும்போதே கை அடுத்த வேலைக்குப் போய்விடும்.

“அப்ப மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்கீகளா பாய்?”

“இல்ல. நல்லாருக்கு.”

“அப்ப ஒண்ணு செய்வோம் மதினி. கம்மாய்ல அறுக்க வேண்டியது பாதி கெடக்கு. கான்ட்ராக்டரு எங்கிட்டக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நாளைக்கே நான் எறங்கிருதேன். நீங்க வர வேண்டாம். எம் வீட்டுக்காரியக் கூட்டிக்கிடுதேன்.”

தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை அவன். குடும்பத்துக்குத்தான் சொன்னான். ராஜகுமாரி மூக்கைச் சிந்திக்கொண்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அண்ணனுடைய அதே தோள்பட்டை, அதே கழுத்து.

“போ. போவ வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடு.”

“என்ன மதினி?”

“மூச்சு வாங்குச்சின்னா மூச்சு வாங்குதுன்னு அவகிட்டச் சொல்லணும். நெஞ்சு வலிச்சா நெஞ்சு வலிக்கின்னு சொல்லணும். மெஷின் மேல போடக் கூடாது.”

“எனக்கென்ன மதினி, நான் கல்லு மாதிரில்லா இருக்கேன்.”

“அவுகளும் அதத்தாம்லே சொன்னாக.”

அவள் உள்ளங்கையை நீட்டினாள். கணேசன் ஷிரின் பானுவைப் பார்த்தான், நியாஸ் அகமதுவைப் பார்த்தான். மெஷினைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த எண்ணெயைக் கைலியில் துடைத்துக்கொண்டு, மதினியின் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். ராஜகுமாரி நம்பவில்லை.